நலிவும் மீட்சியும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பேசியவன் நான். அந்தப் பழக்கத்தால் இன்றும் ஒரு வினாவோடு தொடங்குகிறேன். ஒரே ஊரில், ஒரே வயதுடைய முதியோர் இருவர் வீட்டுக்குள்ளேயே தவறி விழுகின்றனர். இருவருக்கும் தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிகிறது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வகையான அறுவைச் சிகிச்சை நடைபெறுகிறது. ஒருவர் நாற்பத்தொன்றாம் நாள் மறைகிறார். மற்றவர் அதே நாற்பது நாளில் கோலூன்றி வாசலுக்கு வந்து, கோலம் கோணலாக இருக்கிறதென்று பேத்தியைக் கடிந்துகொள்கிறார். இந்த வேறுபாடு எதனால் வந்தது?

இவ்வினா பாடநூலில் எனக்குக் கிடைத்ததன்று. முதலில் விழுந்தவர் என்னைப் பெற்ற தாயார். ஆண்டு 2014, அவருக்கு அப்போது வயது 83. இரண்டாமவர் என் தாயாரின் தங்கை, என் சித்தி. ஆண்டு 2022, அவருக்கும் அப்போது வயது 83. எட்டாண்டு இடைவெளியில் இருவரையும் மருத்துவமனைக் கட்டிலருகே இருந்து கண்டவன் என்னும் உரிமையோடு இன்று பேசுகிறேன். நான் மருத்துவன் அல்லேன். ஆயினும், தெரியாமல் செய்த பிழையின் விலையை அறிந்தவன். அந்த விலையை நீங்களும் கொடுக்க வேண்டியதில்லை என்பதற்காகவே இந்தப் பேச்சு.

முதலில் என் தாயாரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் விழுவதற்கு முந்தைய ஓராண்டில் வீட்டில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. அவருடைய இரவிக்கைகள் தொளதொளவென்று ஆயின; தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துத் தைத்தோம். நாள்தோறும் கோயிலுக்குச் சென்றவர் வெள்ளிதோறும் செல்லலானார். பிறகு அதுவும் நின்றது. ஈரச் சேலையைப் பிழிய முடியாமல் கொடியில் சொட்டச் சொட்டப் போட்டார். ஊறுகாய்ச் சாடியின் மூடியைத் திறக்க என் மகனை அழைத்தார். தெருமுனை வரை நடப்பதற்குள் இருமுறை திண்ணை தேடி அமர்ந்தார். "எதைச் செய்தாலும் மலையைத் தூக்குவது போல் இருக்கிறது" என்பார். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "வயதாகிவிட்டது அம்மா, ஓய்வாக இருங்கள்" என்றோம். அன்பினால்தான் சொன்னோம்.

அப்போது நான் தலைமையாசிரியன். பள்ளியில் ஆண்டுதோறும் மாணவர்களின் உயரத்தையும் எடையையும் அளந்து பதிவேட்டில் எழுதச் செய்வேன். எடை குறைந்த பிள்ளையின் பெற்றோரை அழைத்து விசாரிப்பேன். ஆனால், என் வீட்டில் என் தாயின் எடை குறைந்தது என் கண்ணில் படவில்லை. பதிவேடு எழுதுபவனின் வீட்டிலேயே பதிவாகாமற் போயிற்று.

ஒரு நாள் இரவு, குளியலறைக்கு எழுந்தவர் நிலைப்படியருகே விழுந்தார். மருத்துவமனையில் எலும்பு முறிவு என்றனர். அறுவைச் சிகிச்சை வேண்டும் என்றனர். "இந்த வயதில் கத்தி வைக்கலாமா?" என்று உறவினரெல்லாம் கூடிப் பேசினோம். பேசுவதற்கே மூன்று நாள்கள் கழிந்தன. நான்காம் நாள் சிகிச்சை நடந்தது, நன்றாகவே நடந்தது. மறுநாட் காலையில் இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்தார், இளம்பெண். "பாட்டியை இன்று எழுப்பி நிற்க வைக்க வேண்டும்" என்றார். என் தாயார் வலியால் முனகிக்கொண்டிருந்தார். "நாளை பார்க்கலாம் அம்மா, இன்று தூங்கட்டும்" என்று நான் அவரைத் திருப்பி அனுப்பினேன். அந்த நாளை ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று.

அதற்குள் அவருடைய கால்கள் குச்சிபோல் மெலிந்தன. உணவு இறங்கவில்லை. மூக்குக் கண்ணாடி வீட்டிலேயே இருந்தது. எடுத்து வர யாருக்கும் தோன்றவில்லை. இரவில் நினைவு தடுமாறி, என்னைத் தம் தம்பியின் பெயரால் அழைத்தார். மூன்றாம் வாரம் மார்பில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டது. நாற்பத்தொன்றாம் நாள் காலமானார். தையல் போட்ட இடம் ஆறியிருந்தது. எலும்பும் கூடத் தொடங்கியிருந்தது. புண் ஆறிற்று, தாய் மீளவில்லை.

"வயது முதிர்ந்தவர், விதி முடிந்தது" என்று ஊரார் ஆறுதல் கூறினர். நானும் அதை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொள்ள முடியாமற் செய்தது பின்னாளில் நான் படித்த சில செய்திகள். அவற்றை இப்போது உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஆல்பிரட் பினே என்னும் பிரெஞ்சு அறிஞரைப் பற்றிக் கற்பித்தனர். 1905-ஆம் ஆண்டில் அவரும் சிமோன் என்பவரும் சேர்ந்து பிள்ளைகளின் அறிவு வளர்ச்சியை அளக்கும் முறையொன்றை வகுத்தனர். பிறந்த நாளைக் கொண்டு எண்ணும் வயது வேறு, பிள்ளையின் அறிவு எட்டியிருக்கும் நிலை வேறு என்பது அதன் கருத்து. எட்டு வயதுப் பிள்ளைகள் இருவர் ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கலாம். இருவருக்கும் ஒரே பாடம் ஒரே வேகத்தில் ஏறாது. இதைப் பிள்ளைகளுக்குப் பொருத்திப் பார்க்கக் கற்றுக்கொண்ட நான், முதியோர்க்குப் பொருத்திப் பார்க்கவில்லை. எண்பத்து மூன்று என்னும் எண்ணைக் கேட்டவுடன் விடையும் தெரிந்துவிட்டதாக எண்ணினேன்.

மருத்துவ உலகமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தது. பிறகு வயதின் பின்னால் மறைந்திருக்கும் வேறொன்றைத் தேடத் தொடங்கியது. அதை நாம் நலிவு என்று சொல்லலாம். நலிவு என்பது தனியொரு நோயன்று. உடம்பில் சேர்த்துவைக்கப்பட்டிருக்கும் மிகுதி வலிமை, தசையிலும் எலும்பிலும் நெஞ்சிலும் நுரையீரலிலும் மூளையிலும் சிறிது சிறிதாகக் குறைந்து, ஓர் அதிர்ச்சி வந்தால் தாங்க இயலாத நிலைக்கு உடம்பு வந்து நிற்பதே நலிவு.

செங்கற்பட்டுப் பகுதியில் பணியாற்றிய காலத்தில் நான் ஏரிகளை நிறையக் கண்டிருக்கிறேன். கோடையில் எல்லா ஏரிக் கரைகளும் ஒன்றுபோலத்தான் தோன்றும். எலி வளையும் நண்டு வளையும் உள்ளே இருப்பது வழிப்போக்கனுக்குத் தெரியாது. ஐப்பசியில் ஒரே இரவில் பெருமழை கொட்டும். ஒரு கரை நிற்கும். மற்றொரு கரை உடையும். மழை இரண்டிற்கும் ஒன்றுதான். குடிமராமத்துச் செய்து மண் கொட்டிய கரை எது, கவனிப்பாரற்றுக் கிடந்த கரை எது என்பதை அந்த இரவு காட்டிவிடுகிறது. முதியவர்க்கு நேரும் காயம் அந்த மழையைப் போன்றது. நலிவு கரைக்குள் இருக்கும் வளையைப் போன்றது.

அந்த வளையைக் கண்டறிய முடியுமா? முடியும். அமெரிக்காவில் லிண்டா பிரைடு என்னும் அம்மையாரும் அவருடைய குழுவினரும் 65 வயதைக் கடந்த 5,317 பேரை ஆராய்ந்து, 2001-ஆம் ஆண்டில் ஐந்து அடையாளங்களை வெளியிட்டனர். முயலாமலே உடல் எடை குறைதல், எப்போதும் களைப்பாயிருத்தல், கைப்பிடி வலுவிழத்தல், நடை தளர்தல், அன்றாட நடமாட்டம் சுருங்குதல். இவ்வைந்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் நலிவு. ஒன்றோ இரண்டோ இருந்தால் நலிவின் தொடக்கம்.

இந்தப் பட்டியலை முதன்முறை படித்தபோது நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். தொளதொளத்த இரவிக்கை, மலையைத் தூக்கும் களைப்பு, பிழியப்படாத சேலை, திண்ணை தேடிய நடை, நின்றுபோன கோயில். ஐந்தும் என் வீட்டில் ஓராண்டு முழுவதும் என் கண்முன் இருந்தன. அவற்றிற்கு நான் வைத்திருந்த பெயர்தான் வேறு.

கனடா நாட்டின் ஹாலிபாக்ஸ் நகரத்துப் பேராசிரியர் கென்னத் ராக்வுட் வேறொரு வழியைக் கண்டார். முதியவர் நேற்றுவரை எவ்வாறு வாழ்ந்தார், எவற்றைத் தாமே செய்துகொண்டார், எவற்றிற்குப் பிறர் உதவி வேண்டியிருந்தது என்று வினவி, நிலைகளாகப் பிரிப்பது அவருடைய முறை. 2005-ஆம் ஆண்டில் ஏழு நிலைகளாக வெளிவந்த அந்த அளவுகோல் பின்னர் ஒன்பது நிலைகளாக விரிந்தது. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். உண்மையாக விடை சொல்லும் உறவினர் ஒருவர் போதும்.

இனி, காயமுற்று மருத்துவமனைக்கு வந்த முதியோரிடம் இந்த அளவு எதைக் காட்டியது என்று பார்ப்போம். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் பெல்லால் ஜோசப் என்னும் அறுவை மருத்துவரும் அவருடைய குழுவினரும் காயமுற்ற முதியோர் 250 பேரை ஆராய்ந்து, 2014-இல் முடிவை வெளியிட்டனர். என் தாயார் மறைந்த அதே ஆண்டு. அந்த 250 பேரில் 44 விழுக்காட்டினர் நலிவுற்றிருந்தனர். மருத்துவமனையில் யாருக்குப் பின்விளைவுகள் நேரும் என்பதை வயது முன்கூட்டிச் சொல்லவில்லை, நலிவு சொல்லிற்று. நலிவுற்றவர்க்குப் பின்விளைவு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு கூடியிருந்தது. ஆகவே, "வயது என்ன?" என்று கேட்பதோடு நிற்காமல், "விழுவதற்கு முன் எப்படி இருந்தார்?" என்றும் கேட்க வேண்டும் என்பது தெளிவாயிற்று.

மாணவர்களாகிய நீங்கள் காரணத்தையும் அறிய விரும்புவீர்கள். காயம் பட்டவுடன் உடம்பு ஒரு போருக்கு ஆயத்தமாகிறது. புண்ணை ஆற்றவும் கிருமிகளை எதிர்க்கவும் புரதம் மிகுதியாக வேண்டும். உணவு போதாதபோது தன் தசையையே கரைத்து அந்தப் புரதத்தை உடம்பு எடுத்துக்கொள்கிறது. தசை என்பது நடப்பதற்கு மட்டும் உரியதன்று; அது நெருக்கடி காலத்துக் களஞ்சியம். இளைஞனின் களஞ்சியம் நிறைந்திருக்கிறது. சில கிலோ கரைந்தாலும் எழுந்து நடப்பான். நலிந்தவரின் களஞ்சியமோ ஏற்கெனவே அடிமட்டத்தில் இருக்கிறது.

அதன்மேல் படுக்கையும் சேர்ந்தால் கேடு இரட்டிக்கிறது. அறுபது வயதைக் கடந்த, நோயற்ற தன்னார்வலர் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்து அமெரிக்காவில் ஆராய்ந்தனர். 2007-இல் முடிவு வெளியாயிற்று. பத்தே நாளில் அவர்கள் கால்களில் இழந்த தசை ஏறத்தாழ ஒரு கிலோ. நோயற்றவர்க்கே இதுவென்றால், எலும்பு முறிந்து உணவும் இறங்காதவர்க்கு எவ்வளவு இருக்கும்? படுத்தே இருப்பவரின் நுரையீரலில் சளி தேங்குகிறது. காலில் இரத்தம் உறைகிறது. முதுகில் படுக்கைப்புண் வருகிறது. இடமும் காலமும் விளங்காமல் சித்தம் கலங்குகிறது. இலண்டனில் மருத்துவர் ரிச்சர்டு ஆஷர் என்பவர் 1947-ஆம் ஆண்டிலேயே படுக்கையின் ஆபத்துகளைப் பற்றிக் கட்டுரை எழுதி எச்சரித்தார். அறுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னும் அந்த எச்சரிக்கை என் காதுக்கு எட்டவில்லை.

இடுப்பெலும்பு மட்டுமே ஆபத்தானதென்று எண்ண வேண்டாம். விலா எலும்பு முறிந்த முதியவர் வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு விடமாட்டார், இருமமாட்டார். அதனால் நுரையீரலில் அழற்சி காண்கிறது. 65 வயதைக் கடந்தவர்க்கு, முறியும் விலா எலும்பு ஒவ்வொன்றும் கூடக்கூட இறக்கும் வாய்ப்பு 19 விழுக்காடு வீதம் உயர்ந்தது என்று அமெரிக்காவின் சியாட்டில் நகர ஆய்வொன்று 2000-ஆம் ஆண்டில் காட்டிற்று. ஆகவே, வலியைத் தணிப்பது இரக்கச் செயல் மட்டுமன்று. உயிர் காக்கும் செயலுமாகும். மற்றொன்றும் நினைவிற் கொள்ளுங்கள். இளைஞனுக்கு இரத்தம் போனால் நாடி விரைந்து துடித்து நம்மை எச்சரிக்கும். சில இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்ளும் முதியவரின் நாடி அவ்வாறு விரையாது. "நாடி சரியாக இருக்கிறது, காலையில் பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டிலேயே வைத்திருப்பது தவறு.

இவ்வளவும் கேட்டபின் உங்களுக்கு அச்சம் தோன்றலாம். நலிவைக் கண்டறிவதால் பயன் என்ன, நலிந்தவரைக் கைவிடுவதற்கா என்றும் ஐயுறலாம். இங்கே மீண்டும் பினேயை நினைக்கிறேன். அவர் அளவுகோல் வகுத்தது, பின்தங்கிய பிள்ளைக்கு முத்திரை குத்தி வெளியே அனுப்புவதற்கன்று. எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று அறிவதற்கு. பின்வந்த சிலர் அதைத் தவறாகவும் கையாண்டனர். நலிவின் அளவுகோலுக்கும் அந்த ஆபத்து உண்டு. "இவர் நலிந்தவர், இனிச் செய்வதற்கொன்றுமில்லை" என்று சொல்வதற்கு அது பயன்படுமானால் அளவுகோலின் மேல் குற்றமில்லை. பிடித்த கையின் மேல்தான் குற்றம். "இவர் நலிந்தவர், ஆகவே இவரை விரைந்து கவனியுங்கள், நன்றாக உண்ணச் செய்யுங்கள், நாள்தோறும் எழுப்புங்கள்" என்று சொல்வதற்கே அது வேண்டும்.

அவ்வாறு செய்தால் பயன் உண்டா? சான்றுகள் உண்டு. இங்கிலாந்தில் 1935-ஆம் ஆண்டில் மார்ஜரி வாரன் என்னும் மருத்துவ அம்மையாரிடம் 714 படுக்கைகள் கொண்ட ஏழையர் விடுதி மருத்துவமனை ஒன்று ஒப்படைக்கப்பட்டது. தீராத நோயினர் என்று ஆண்டுக்கணக்கில் கட்டிலிலேயே கிடத்தப்பட்டிருந்த முதியோர் அங்கே இருந்தனர். அவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே சோதித்தார், எழுப்பி அமர்த்தினார், நடை பழக்கினார். பலர் வீடு திரும்பினர். முதியோர் மருத்துவம் என்னும் துறை அங்கிருந்தே வளர்ந்தது.

அண்மைக் காலத்துச் சான்று ஒன்று. 2007-ஆம் ஆண்டில் இங்கிலாந்து இடுப்பெலும்பு முறிவுக்கென்று தனிப் பதிவேடு ஒன்றைத் தொடங்கிற்று. எவருக்கு எத்தனை மணி நேரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது, முதியோர் மருத்துவர் வந்து பார்த்தாரா என்றெல்லாம் எழுதினர். விரைவாகச் சிகிச்சை பெற்றோர் 54.5 விழுக்காட்டிலிருந்து 2011-இல் 71.3 ஆக உயர்ந்தனர். முப்பது நாளுக்குள் இறந்தவர்களின் விழுக்காடு 10.9-இலிருந்து 8.5 ஆகக் குறைந்தது. பதிவேடு எழுதுவதை வெற்று வேலையென்று சலித்துக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. நார்வே நாட்டின் திரோன்ஹைம் நகரத்தில் இடுப்பெலும்பு முறிந்த முதியோர் 397 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை எலும்பு மருத்துவப் பகுதியிலும் மறு பிரிவினரை முதியோர் மருத்துவப் பகுதியிலும் வைத்துக் கவனித்தனர். நான்கு மாதங்களுக்குப் பின், முதியோர் மருத்துவப் பகுதியில் இருந்தவர்களே நன்கு நடமாடினர். 2015-இல் இம்முடிவு வெளிவந்தது.

சித்தம் கலங்குவதையும் தடுக்கலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் 70 வயதைக் கடந்த நோயாளிகள் 852 பேரை ஆராய்ந்தனர். கண்ணாடியும் காதுக் கருவியும் அணிவித்தல், இன்று என்ன நாள் என்று சொல்லுதல், தண்ணீர் பருகச் செய்தல், இரவில் உறங்க விடுதல், பகலில் நடத்துதல் ஆகிய எளிய செயல்களால் சித்தக் கலக்கம் 15 விழுக்காட்டிலிருந்து 9.9 ஆகக் குறைந்தது என்று 1999-இல் எழுதினர். மூக்குக் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தவன் இதைப் படித்தபோது என்ன எண்ணியிருப்பான் என்பதை உங்கள் ஊகத்திற்கு விடுகிறேன்.

இப்போது என் சித்தியிடம் வருவோம். கரையை மழைக்கு முன்பே பார்க்க வேண்டும் என்பதை அவர் விஷயத்தில் நான் மறக்கவில்லை. அவர் விழுவதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே அவருடைய எடையை மாதந்தோறும் ஒரு பழைய பதிவேட்டில் எழுதிவரலானேன். அவருக்கு நீரிழிவு உண்டு. நடையும் தளர்ந்துதான் இருந்தது. காலையும் மாலையும் கைப்பிடியில்லாமல் நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமரச் செய்தேன். "பள்ளிக்கூடத்தில் உன் பிள்ளைகளைத் தோப்புக்கரணம் போட வைத்தது போதாதென்று என்னையும் வாட்டுகிறாயே தம்பி" என்பார், ஆனாலும் செய்வார். பருப்பும் முட்டையும் மோரும் நாள்தோறும் அவர் தட்டில் இருக்கும்படி என் மனைவி பார்த்துக்கொண்டாள். இது வெறும் ஆசையன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய நலிந்தவர்களுக்கு எட்டு வாரம் தசைப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது என்று 1990-ஆம் ஆண்டிலேயே எழுதியிருக்கின்றனர். தொண்ணூறிலும் தசை பயிற்சிக்குச் செவிசாய்க்கிறது.

அப்படியிருந்தும் சித்தி விழுந்தார். ஈரமான கொல்லைப் படியில் வழுக்கி விழுந்தார். ஆம்புலன்சு வருவதற்குள் நான் அவருடைய கண்ணாடியையும் மாத்திரைச் சீட்டையும் பதிவேட்டையும் பையில் எடுத்து வைத்தேன். மறுநாளே அறுவைச் சிகிச்சை நடந்தது. அதற்கு மறுநாள் இயன்முறை மருத்துவர் வந்தார். சித்தி வலியால் பல்லைக் கடித்தார். என் நாவின் நுனிவரை "நாளை பார்க்கலாம்" என்னும் சொல் வந்தது, விழுங்கிக்கொண்டேன். வலிக்கு மருந்து கொடுக்கச் சொல்லிவிட்டு, அரை மணி கழித்து, நானும் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். சித்தி இரண்டு நிமிடம் நின்றார். என் தாயார் நிற்காத அந்த இரண்டு நிமிடம்.

சித்திக்கு இன்று வயது 86. முன்போல் குளக்கரைவரை செல்ல முடியாது. கோலின்றி நடக்க இயலாது. மீட்சி என்பது பழைய நிலைக்கு முற்றும் திரும்புவது என்று நான் உங்களுக்கு வாக்களிக்க மாட்டேன். அவர் தாமே குளிக்கிறார், தாமே உண்கிறார், எங்களைத் தாமே திட்டுகிறார். அது எங்களுக்குப் போதும்.

கூரிய மாணவன் ஒருவன் இப்போது எழுந்து கேட்பான்: "ஐயா, இருவரைக் கொண்டு முடிவு செய்வது அறிவியல் ஆகுமா?" ஆகாது. சித்திக்கு எலும்பு வேறு வலுவுடையதாக இருந்திருக்கலாம். அவருடைய நல்லூழும் துணைநின்றிருக்கலாம். என் தாயாரை முதல் நாளே எழுப்பியிருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று என்னால் உறுதி கூற முடியாது. பல நாடுகளின் கணக்குப்படி, இடுப்பெலும்பு முறிந்த முதியோர் நூற்றுவரில் இருபதுக்குக் குறையாதவர் ஓராண்டுக்குள் மறைகின்றனர். சிலரிடத்தில் எவ்வளவு முயன்றாலும் கரை நிற்பதில்லை. அப்போது அவர் எதை விரும்புகிறார் என்று அவரையே கேட்டு, வலியில்லாமல் வைத்திருப்பதும் மருத்துவமே. அதனால்தான் ஓரிருவர் கதையோடு நிற்காமல், நூற்றுக்கணக்கானோரையும் ஆயிரக்கணக்கானோரையும் ஆராய்ந்தவர்களின் முடிவுகளை உங்களுக்குச் சொன்னேன். அவையெல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன.

நம் நாட்டிலும் இத்துறை வளர்ந்துவருகிறது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978-ஆம் ஆண்டிலேயே முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு தொடங்கப்பட்டது, மருத்துவர் வி. எஸ். நடராசன் அதற்குக் காரணமாக இருந்தவர். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் இயன்முறை மருத்துவம் வீட்டுக்கே வருகிறது. 2024-இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. எனினும், நலிவை முதலில் காணக்கூடியவர்கள் மருத்துவர்கள் அல்லர். ஒரே கூரையின் கீழ் வாழும் நீங்கள்தாம்.

ஆகவே, உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். தலைமையாசிரியன் வேறு என்ன தருவான்? இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பாட்டியையோ தாத்தாவையோ நான்கு மீட்டர் தூரம் இயல்பாக நடக்கச் சொல்லுங்கள். ஐந்து வினாடிக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். உடன் நடந்து செல்லுங்கள்; விழ விட்டுவிடாதீர்கள். எடையைக் குறித்து வையுங்கள். சேலையைப் பிழிகிறாரா, முன்பு சென்ற இடங்களுக்கெல்லாம் செல்கிறாரா, களைப்பென்று சொல்கிறாரா என்று கவனியுங்கள். மாற்றம் கண்டால் பெற்றோரிடம் சொல்லி மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குளியலறைக்குச் செல்லும் வழியில் இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தச் சொல்லுங்கள். ஈரத்தரையைத் துடைப்பதற்கு உங்களுக்கு இரண்டு நிமிடம் போதும். உலகெங்கும் ஆண்டுதோறும் விழுந்து இறப்பவர் ஏறத்தாழ 6,84,000 பேர் என்று உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அவர்களுள் முதியோரே மிகுதி. அந்தத் தொகையில் உங்கள் வீட்டார் சேராதிருக்க இந்த இரண்டு நிமிடம் உதவும்.

அவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தாலும் உங்கள் பணி முடிவதில்லை. கண்ணாடியை எடுத்துச் செல்லுங்கள். பள்ளிக்கதையைச் சொல்லி இரண்டு வாய் கூடுதலாக உண்ணச் செய்யுங்கள். எழுப்ப வருபவரைத் திருப்பி அனுப்பாதீர்கள்.

என் மேசையில் இரண்டு பதிவேடுகள் இருக்கின்றன. ஒன்றில் சித்தியின் எடை மாதந்தோறும் எழுதப்பட்டிருக்கிறது. மற்றொன்றின் முதற்பக்கத்தில் என் தாயாரின் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். அதன் கீழே ஒன்றும் இல்லை. உங்கள் வீட்டுப் பதிவேட்டை இன்றே தொடங்குங்கள்.